மாமல்லபுரத்தை நகர்த்திய பச்சைப் பொத்தான்

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம், "மன்னிக்கணும், நான் வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில் அப்படி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. "கண்டிப்பா வந்துடறோம், நம்ம வூட்டு விசேஷமாச்சே" என்போம். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவர் தெருமுனை திரும்பியதும் அதன் மேலேயே சூடான தோசைக்கல்லை இறக்கி வைப்போம். போவதா வேண்டாமா என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளே, இந்த மரியாதைதான் பல்லவர் காலத்திலிருந்து கடற்கரையில் சிவனே என்று கிடந்த மாமல்லபுரத்தைத் தூக்கிப் பொட்டல் காட்டில் போட்டது. தூக்கிப் போட்டது சுனாமி இல்லை. நான்தான்.

பொத்தேரியில் எனக்கு ஒரு டிபன் கடை. படிப்பு பத்தாவது. (பாஸா என்று கேட்கிறவர்களுக்குச் சட்னி கிடையாது.) என் மகள் யமுனா கம்ப்யூட்டர் படித்தவள். அவளும் அவளுடைய தோழிகளும் என் கடைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் கரண்டைத் தின்று, ஓர் ஆப் செய்தார்கள். பெயர் 'எந்த வண்டி'. எந்த பஸ் எங்கே வருகிறது என்று காட்டும். நாம் இறங்க வேண்டிய இடம் வந்ததும் 'டிங்' என்று சத்தம் போட்டு எழுப்பிவிடும். பஸ்ஸில் தூங்குகிற நம் ஜனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"எவ்ளோம்மா விலை?" என்று கேட்டேன்.

"சும்மாதான்ப்பா. ஓப்பன் சோர்ஸ். எப்படிச் செஞ்சோம்னும் எல்லாருக்கும் காட்டுவோம். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தமும் சொல்லலாம்."

"சாம்பாரையும் ஊத்திட்டு, பொடி அரைக்கிற பக்குவத்தையும் செவுத்துல எழுதி ஒட்டுனா கடை எப்படிம்மா நடக்கும்?"

"இது கடை இல்லப்பா. ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறோமே, அந்த மாதிரி. வூட்டுக்கு வூடு கேவுரு கொண்டாந்து குடுப்பாங்க. ஆனா அண்டாவுல கொட்டறதுக்கு முன்னால கல்லு கீதா, புழு கீதான்னு ஒருத்தர் பாத்துட்டுத்தானே கொட்டணும்?"

அந்த ஒருத்தராக அவள் என்னைப் போட்டாள். பஸ் நிறுத்தங்கள் மட்டும் என் பொறுப்பு. ஊர் உலகத்திலிருந்து யார் யாரோ திருத்தம் அனுப்புவார்கள். நான் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். தப்பாக இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, காரணம் எழுத வேண்டும். என் பெயரும் என் போட்டோவும்கூட அதில் வந்தன. (திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி எடுத்த போட்டோ. போனில் தலை நேராக இருந்த படம் அது ஒன்றுதான்.)

இப்போதுதான் அந்தக் கல்யாணப் பத்திரிகைப் புத்தி வேலை செய்தது. ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் 'தயவுசெய்து பரிசீலிக்கவும்', 'தங்கள் மேலான ஒப்புதலை வேண்டுகிறேன்' என்றெல்லாம் எழுதியிருக்கும். எனக்கு அதுவரை கடிதம் எழுதியது மின்சார வாரியம் மட்டும்தான். அதில் 'தயவு' எல்லாம் இருக்காது. இவ்வளவு பணிவாகக் கேட்கிறவனைச் சிவப்பு காட்டி விரட்டுவதா? பச்சைதான். ஒருவர் தன் மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தம் கேட்டார். பச்சை. இன்னொருவர் தன் சலூன் முன்னால் கேட்டார். பச்சை. பொத்தான் என்பது "கண்டிப்பா வந்துடறோம்" மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு என்றே நினைத்தேன். நான் அழுத்தினால் பஸ் நிஜமாகவே அங்கே நிற்பதாக உலகம் நம்பும் என்பது என் மொட்டைத் தலையில் ஏறவில்லை.

அடுத்து வந்தான் டில்லிபாபு. திருக்கழுக்குன்றம் ரோட்டில் ப்ளாட் போட்டு விற்பவன். தினமும் காலையில் என் கடைப் பொங்கல்தான் அவனுக்கு நாஸ்தா.

"அண்ணாத்த, உன் பொண்ணு ஆப்புல ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கீறேன். ஓகே பண்ணிடேன்."

"இன்னா திருத்தம்பா?"

"மாமல்லபுரம் ஸ்டாப்பு கொஞ்சம் தள்ளிக் கீது. சரி பண்ணிக்கீறேன். அவ்ளோதான்."

என் கையெல்லாம் மாவு. சுண்டுவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. அதனால் அழுத்தினேன்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. கடலோரத்தில் இருந்த மாமல்லபுரம் பஸ் நிறுத்தம், டில்லிபாபுவின் ப்ளாட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 'பீச் வியூ கார்டன், மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்' என்று அவன் பேனர் கட்டிவிட்டான். அங்கிருந்து பீச் பார்க்க வேண்டுமானால் பனைமரத்தில் ஏறி, அதன் உச்சியில் இன்னொரு பனைமரம் நட்டு, அதிலும் ஏற வேண்டும்.

இதே சமயத்தில் யமுனாவுக்குத் தலைபோகிற காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆப் ஓடுவதற்கு சர்வர் வேண்டும். சர்வர் என்பது மாதாமாதம் காசு கட்டி அணையாமல் எரிக்க வேண்டிய அடுப்பு. தோழிகள் ஒவ்வொருத்தராக வேலை கிடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படி இலவச ஆப்களை எடுத்துப் பராமரிக்கிற பெரிய குழு ஒன்று, பல ஊர்க்காரர்கள் சேர்ந்தது, 'எந்த வண்டி'யையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நேரில் பார்க்க வந்தது. மாமல்லபுரத்தில் கடலோர விடுதியில் கூட்டம். அவர்கள் சரி என்றால் ஆப் பிழைக்கும். இல்லையென்றால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். யமுனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கார் எதுக்கும்மா? செங்கல்பட்டு ஸ்டேஷன்ல எறங்கி, நம்ம ஆப்பைப் பாத்துக்கினு பஸ்ல வரட்டும். நம்ம சமையலை அவங்களே ருசி பாத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

என் மனைவி கன்னியம்மா குறுக்கே விழுந்தாள். "ஏய்யா, மொத மொதல்ல வர்றவங்கோ. வண்டி வெச்சிக் கூட்டினு வாய்யா."

"உனக்கு டெக்னாலஜி தெரியாது" என்றேன் நான். (ஆமாம், நான்.)

கூட்டத்தன்று என் கடை வேனில் இடியாப்பமும் வஞ்சிரக் குழம்பும் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் விடுதிக்குப் போய்க் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. யமுனா அந்தக் குழுவின் தலைவி மினிக்குப் போன் போட்டாள். மினி கொச்சிக்காரர். போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யமுனா, நாங்க எத்தியாச்சு, வந்து சேர்ந்தாச்சு! பந்தல், சந்தனம், மோர்... ஏற்பாடு ரொம்ப ஜோர். ஆனா கடல் மட்டும் காணோமே?"

யமுனா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குழம்பு மூடியைச் சரிசெய்தேன்.

வேனை விரட்டிக்கொண்டு போனோம். நடந்தது இதுதான்: பொட்டல் வந்ததும் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்று அடித்திருக்கிறது. கண்டக்டர், "இங்க இன்னாத்துக்கு எறங்குறீங்க? மகாபலிபுரம் இன்னும் தூரம் கீது" என்று கத்தியிருக்கிறார். ஆப் செய்கிறவர்கள் கண்டக்டரையா நம்புவார்கள்? இறங்கிவிட்டார்கள். அன்று பார்த்து டில்லிபாபுவின் ப்ளாட் மேளா. வந்தவர்களுக்குச் சந்தனம் தெளித்து, மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டான். அவர்களில் தாடிக்காரர் ஒருவரிடம் அவன் ஆள், "கார்னர் வேணுமா சார், நடுவுல வேணுமா?" என்று கேட்க, அவர் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு, "கார்னர்தான், ப்ளக் பாயிண்ட் பக்கமா" என்று சொல்லி, பாதி ப்ளாட்டு வாங்கிவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் டில்லிபாபு ஓடி வந்து கட்டிக்கொண்டான். "அண்ணாத்த! எல்லாம் நீ ஓகே பண்ண புண்ணியம்! பஸ் பஸ்ஸா எறங்குறாங்கோ!"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மினி லேப்டாப்பைத் திறந்தார். அந்த ஆப்பில் ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்று பார்க்க ஒரு வசதி இருக்கிறது. பார்த்தார். மாமல்லபுரம் வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக். அதன் பக்கத்தில் சந்தனம் பூசிய மொட்டைத் தலை. கூட்டம் முழுவதும் படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. முடி வளர்ந்திருந்தும் பயனில்லை.

பந்தலின் ஓரத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. கைக்குழந்தை, பால்புட்டி, வெயிலில் சிவந்த முகங்கள். கடற்கரைக் கோயில் பார்க்கக் கிளம்பியவர்களாம். 'டிங்' அடித்ததும் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். அதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்ததும்தான், நான் அழுத்திய பொத்தான் என்ன செய்தது என்று புரிந்தது.

"அந்தப் பச்ச டிக்கை அழிச்சிடும்மா" என்றேன் யமுனாவிடம் மெதுவாக.

"அழிக்க முடியாதுப்பா. திருப்பி மாத்தலாம். மாத்துனதும் அதுலயே பதிஞ்சி நிக்கும்." மினியிடம் திரும்பினாள். "அப்பாமேல தப்பு இல்ல மேடம். பாக்காம பொறுப்பு குடுத்தது நான்."

அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "பொய் சொல்லுது மேடம்" என்றேன். "பாத்துட்டுக் கொட்டணும்னு தெளிவாச் சொல்லிச்சு. பணிவாக் கேட்டாங்கோ, நான் பாக்காமயே கொட்டிட்டேன். வேற எவ்ளோ கொட்டினேன்னு எனக்கே தெரியாது. சேத்துக்கறதும் வுடறதும் உங்க இஷ்டம். மொதல்ல புழுவைப் பொறுக்கலாம்."

மினி லேப்டாப்பில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். அப்புறம், "ஜெனரேட்டர் இருக்கா?" என்று டில்லிபாபுவைக் கேட்டார்.

கூட்டம் அங்கேயே நடந்தது. கடலோர விடுதி காலியாகக் கிடக்க, ப்ளாட் மேளா பந்தலில், டில்லிபாபுவின் ஜெனரேட்டரில், அத்தனை பேரும் உட்கார்ந்து நான் கொடுத்த பச்சைகளை ஒவ்வொன்றாகக் கிளறினார்கள். மாமியார் வீடு போனது. சலூன் போனது. மாமல்லபுரம் கடலுக்குத் திரும்பியது. 'டிங்' அடித்து இறங்கிய குடும்பத்தை நானும் கன்னியம்மாவும் வேனில் ஏற்றி, வழியில் இடியாப்பம் ஊட்டி, கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டோம். "உனக்கு டெக்னாலஜி தெரியாது" என்று அவள் வழி நெடுக எனக்கு நினைவூட்டிக்கொண்டே வந்தாள்.

திரும்பியபோது டில்லிபாபு பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். யமுனா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். குழு ஆப்பைச் சேர்த்துக்கொண்டது. "தப்பு வராத ஆப் கிடையாது. தப்பு வந்தப்போ யாரும் ஒளிக்கலை, அது போதும்" என்றாராம் மினி. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் எந்தத் திருத்தத்துக்கும் ஒருவர் ஒப்புதல் போதாது, இரண்டு பேர் வேண்டும். தாடிக்காரர் அதற்கு அன்றே 'அப்பா விதி' என்று பெயர் வைத்து, புதிதாகச் சேருகிறவர்கள் படிக்கிற பக்கத்தில் எழுதிவிட்டார். நான் பார்த்தே இராத ஊர்களில் எல்லாம் யாரோ யாரையோ, "அப்பா விதியைப் படிச்சியா?" என்று கேட்கிறார்களாம். மொட்டைப் படமும் அங்கேயேதான் இருக்கிறது.

போன வருஷம் யமுனாவுக்கு ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா தட்டோடு வந்து உட்கார்ந்து, "தங்கள் மேலான சம்மதத்தை வேண்டுகிறோம்" என்றார். எவ்வளவு பணிவு! என் வாய் தானாகவே திறந்தது.

கன்னியம்மா சட்டென்று என் கையை அமுக்கினாள்.

"சம்பந்தி, எங்க வூட்ல ரெண்டு பேரு ஓகே சொல்லணும்" என்றாள். "இந்த ஆள் கணக்குல சேத்தி இல்ல."