புளி போட்டு விளக்கிய கம்ப்யூட்டர்

அன்றைக்கு எங்கள் தெருவில் தண்ணிக்காரர் வீட்டு முன்னால் இருந்தவர்கள்: நான். என் மனைவி சரசு. கோடி வீட்டு ரோசா அக்கா. ரோசா அக்காவின் பூனை. மோட்டார் சைக்கிளை அணைக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரொட்டிக்கார பாய். நடுவில் பழைய காலண்டர் தாளை விரித்து, சம்மணம் போட்டு, தண்ணிக்காரர். அவர் முன்னால் ஒரு சட்டி. சட்டியில் புளிக்கரைசல். புளிக்கரைசலில் கம்ப்யூட்டர்.

முழுக் கம்ப்யூட்டர் இல்லை. அதன் செம்புப் பாகங்கள் மட்டும்.

இந்த மலாக்கா மாநிலத்தில் கம்ப்யூட்டரைப் புளி போட்டு விளக்கிய மனிதர் அவர் ஒருவர்தான். மலேசியாவிலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன். இல்லை என்கிறவர் முன்னே வரட்டும்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. லோரி ஓட்டுகிறேன். அதனால்தான் இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. லோரி எஞ்சின் சூடாகும். தண்ணீர் சுற்றி வந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ரேடியேட்டரில் காற்றுப் பட்டு ஆறும். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் அதே ஜாதி. மூளை இருக்கிற இடத்தின்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். கட்டிக்குள்ளே மயிரிழை போலக் கோடு கோடாய்ப் பள்ளம். அதில் தண்ணீர் ஓடும். அப்புறம் ஒரு சின்ன பம்பு, இரண்டு குழாய், செம்பில் ஒரு ரேடியேட்டர். அவ்வளவுதான். பம்பு ஓடும்போது குளுகுளுவென்று ஒரு சத்தம் வரும். அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியவன் அவர் மகன் தீபன். ஒரே பிள்ளை. தாய் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. தீபன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனான். ரெண்டு வருடம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அப்பாவிடம் ஒன்று மட்டும் சொன்னான். "பா, மெஷின பாத்துக்குங்க. தண்ணி மாத்திக்கிட்டே இருங்க. நான் வந்து எடுத்துக்கறேன்."

போனவன் போனவன்தான்.

கம்ப்யூட்டருக்குத் தண்ணி மாற்றுகிறவர் என்பதால் அவர் தண்ணிக்காரர். எனக்கு அண்ணன். பேர் வைத்தது ரோசா அக்கா. பேர் வைக்கும்போது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அக்கா யோசிக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கப் பேர் கொடுக்கப் போனார் அண்ணன். நானும் கூடப் போயிருந்தேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஜொகூரிலிருந்து புதிதாக வந்தவர். ஊர் நிலவரம் தெரியாது.

"பேரு சொல்லுங்கண்ணே."

பின்னால் நின்ற எவனோ சொன்னான். "தண்ணிக்காரர்னு போடுங்க. எல்லாருக்கும் தெரியும்."

பேனா நின்றது. ஜொகூர்க்காரர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இது விரத சமாச்சாரம். தண்ணிய விட்டாச்சா?"

"விட முடியாதுங்களே. விட்டா எல்லாம் கருகிப் போயிரும்."

"எத்தன நாளைக்கு ஒரு தடவ?"

"மாசம் ஒரு தடவதான். பழச கொட்டிட்டு புதுசு ஊத்துவேன்."

"எவ்ளோ ஊத்துவீங்க?"

"ஒரு லிட்டர் பிடிக்கும். நின்னு நிதானமா ஊத்தணும். அவசரப்பட்டா காத்து அடைச்சிக்கும்."

"வீட்ல யாரும் கேக்கறதில்லையா?"

"எம் மவன்தாங்க சொல்லிக் குடுத்தான்."

ஜொகூர்க்காரர் பேனாவை மூடி வைத்தார். அந்த வருடம் அண்ணனுக்குப் பால்குடம் இல்லை. நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேச்சு வராது. அதோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. நாக்கில் ஒரு சொட்டுப் படாத மனிதர் அவர்.

புளிக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சோங் கிளிங்கில் கடல் காற்று. இரும்பைத் தின்னும். செம்பைக் கறுக்க வைக்கும். அண்ணன் செம்புக் கட்டியைக் கழற்றி, புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். அது கோயில் கலசம் மாதிரி ஆனது. ரோசா அக்கா ஓடிப்போய் வீட்டிலிருந்த குத்துவிளக்கைக் கொண்டு வந்து, "இதையும் சேத்து ஒரு போடு போடுங்க" என்று சட்டிப் பக்கத்தில் வைத்தார். கம்ப்யூட்டரும் குத்துவிளக்கும் ஒரே சட்டியில் குளித்தன.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் மகனுக்கு வீடியோ கால் போட்டார். வழக்கமாக அவன் பேசும் பேச்சு எனக்குத் தெரியும். சாப்பிட்டீங்களா, மருந்து இருக்கா, சரி பா வேலை கெடக்குது. டப்.

அன்றைக்கு அப்படி இல்லை.

"பா. என்னா பா இது, கையில மண்ணாட்டம்?"

"புளி பா. நல்லா பளபளன்னு ஆயிருச்சு பாரு."

"புளியா? பா, அதுக்குள்ள கோடு கோடா இருக்கும்ல, அதுல நாரு போயி அடைச்சுக்கிட்டா தண்ணி எப்டி பா ஓடும்? பக்கத்துல யாரு அது, குத்துவிளக்கு வச்சிக்கிட்டு?"

"ரோசா அத்தை பா."

"அத்தே, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

ரோசா அக்கா குத்துவிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அப்புறம் அவன் பாடம் எடுத்தான். கட்டியைத் திருகு திருகாய்க் கழற்றணும். சுக்காவில், அதாவது வினிகரில், பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊற வைக்கணும். ரொம்ப ஊறக் கூடாது. பிள்ளைகள் பல் விளக்கும் மெத்துப் பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்க்கக் கூடாது. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரால் அலசணும். பைப்புத் தண்ணீர் ஆகாது. அண்ணன் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி பா, சரி பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரொட்டிக்கார பாய் போய்விட்டார். சரசு சோறு வடிக்கப் போய்விட்டாள். பாடம் முடியவில்லை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அண்ணனுக்குக் கம்ப்யூட்டரில் எதையும் பார்க்கத் தெரியாது. சுவிட்சைத் தட்டுவார். திரையின் ஓரத்தில் சூடு எத்தனை என்று ஒரு நம்பர் வரும். அதைப் பார்ப்பார். அணைப்பார். ஒருநாள் கேட்டேன்.

"இதுல என்னாண்ணே பண்றீங்க?"

"குளுமையா வச்சிருக்கேன்."



புளிக்கு அப்புறம், குழாயில் தண்ணீருக்குப் பதில் இளநீர். "செம்புக்கு நல்லது லா, சூட்ட தணிக்கும்" என்றார். மறுநாள் காலையில் கம்ப்யூட்டருக்குள் எறும்பு. சாரி சாரியாய்ப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ கல்யாணம் போல. வீடியோவில் அதைப் பார்த்துத் தீபன் சிரித்துவிட்டான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் விழுந்து விழுந்து சிரிப்பது எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது. அதற்கப்புறம் பன்னீர். அதற்கப்புறம் துளசி போட்ட கோயில் தீர்த்தம். செம்பில் தீர்த்தம் கெடாது என்பது அண்ணன் வாதம். பத்தே நாளில் குழாய்க்குள் பச்சையாய் ஏதோ மிதந்தது. மகன் திட்டினான். அண்ணன் திட்டு வாங்கினார். முகத்தில் தீபாவளி.

தெருவில் எல்லாரும் சொன்னோம். மனுசனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று. தனியாய் இருந்தால் அப்படித்தான் என்று.

அவர் தொழிலை நான் இன்னும் சொல்லவில்லை. ஏர்கான் மாட்டுகிற வேலை. டுரியான் துங்கால் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, பதினேழு வயதில் மலாக்காவுக்கு வந்து, அன்று முதல் செம்புக் குழாயோடுதான் குடித்தனம். வேலையை விட்டும் கை விடவில்லை. ரோசா அக்கா வீட்டு ஏர்கான் தண்ணீர் ஒழுகியபோது அவர்தான் ஏணி ஏறினார். நான் கீழே நின்று டார்ச் லைட் அடித்தேன்.

செம்புக் குழாய் ஒரு மூட்டில் பச்சையாய்க் களிம்பு பிடித்திருந்தது. ரோசா அக்கா சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"இந்தாங்க. புளி. உப்பு போட்டே கரைச்சிருக்கேன்."

அண்ணன் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"புளியா? எடுத்துக்கிட்டு போ தங்கச்சி. செம்புல உப்பும் புளிப்பும் பட்டு, அலசாம தங்குச்சுன்னா ஓட்ட விழுந்துரும். இது கூடத் தெரியாதா உனக்கு?"

ரோசா அக்காவுக்கு வாய் திறந்தது. மூடவில்லை. நான் கேட்டேன்.

"அப்ப கம்ப்யூட்டருக்கு?"

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"தம்பி, லைட்ட மேல அடி."

மேலே அடித்தேன். எனக்கு விளங்கிவிட்டது. ரோசா அக்காவுக்கும் விளங்கியிருக்கும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றோடு தெருவில் யாரும் புளியைப் பற்றிச் சிரிக்கவில்லை. காரணத்தையும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

தீபன் சொன்ன ரெண்டு வருடம் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. அழைப்புகள் குறைந்தன. அண்ணன் தண்ணீரை மாற்றாமலே விட்டார். குழாய் பச்சையிலிருந்து கறுப்பானது. பம்பு இழுத்து இழுத்து மூச்சு விட்டது. சூட்டு நம்பர் மேலே ஏறியது. இது பெரிய வியாதி. இதற்குப் பெரிய பாடம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் இருக்கும்போதே கால் போட்டார்.

"பா, மெஷின் ரொம்ப சூடாவுது பா. தண்ணி கறுத்துப் போச்சு. என்னா பண்ணட்டும்?"

தீபன் எங்கேயோ நடந்துகொண்டே பேசினான். வெள்ளைக்காரப் பேச்சு பின்னால் கேட்டது.

"விடுங்க பா. அது பழைய மெஷின். இப்ப போன்லயே எல்லாம் ஓடுது. பழைய இரும்பு வாங்கற பெசி கடைக்குப் போட்டுருங்க. செம்பு மட்டும் நல்ல வெலைக்குப் போவும்."

"நீ வந்து எடுத்துக்கறேன்னியே பா."

"நா எங்க பா வர்றது? இங்கயே செட்டலாயிரலாம்னு பாக்கறேன். நீங்க எதுக்கு பா அத போட்டு கஷ்டப்படறீங்க? சரி பா. வேல கெடக்குது."

திரை இருண்டது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லைன் சரியில்ல" என்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் அதைப் பெசி கடைக்குக் கொண்டுபோகவில்லை. நான் போனபோது பாகம் பாகமாய்ப் பிரித்து வைத்திருந்தார். கறுப்புத் தண்ணீரை வடித்தார். ரேடியேட்டரில் வெதுவெதுப்பான நீரை விட்டு, குலுக்கி, கொட்டி, மறுபடியும் விட்டு, தெளிவாய் வரும்வரை அலசினார். சுக்காவைத் தண்ணீரில் கலந்தார். நேரம் பார்த்து எடுத்தார். மெத்துப் பிரஷ்ஷால் பள்ளத்தின் திசையிலேயே தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கோடாய்ப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். உள்ளே பேட்டரித் தண்ணீர் போத்தல்கள். ஒன்றின் மூடியும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் தூசி. ஒன்றைத் திறந்து அலசினார். துணியால் ஒற்றினார். புது ரப்பர் வளையம் போட்டுத் திருகுகளை எதிரெதிராய் முடுக்கினார். தண்ணீரை நிரப்பி, பம்பை மட்டும் ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டுக்குக் கீழேயும் டிஷ்யூ வைத்தார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் டிஷ்யூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சுவிட்சைத் தட்டினார். நம்பர் அடியில் நின்றது. அசையவில்லை. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

அண்ணன் கைப்பேசியைக் கையில் எடுத்தார். விரலை வைத்தார். வைத்தபடி இருந்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

கீழே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாசலுக்கு வருவது நின்றது. ரொட்டிக்கார பாய் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார். ரோசா அக்கா குத்துவிளக்கைக் கொண்டுபோனால், "வச்சிட்டுப் போ தங்கச்சி" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். விளக்கு அப்படியே கிடக்கும். சோறு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தின்றாரா தெரியாது. பம்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவருக்கு அது பிடிக்கவும் செய்யாது. ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, வாஷிங் மெஷின்ல தண்ணி எறங்க மாட்டேங்குது. சத்தமும் ஒரு மாதிரியா இருக்கு."

வந்தார். மூடியைத் திறந்தார். தண்ணீரை விட்டார். தண்ணீர் இறங்கியது. காதை வைத்துக் கேட்டார். என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு லா."

"இல்லண்ணே. உள்ள இருக்கு. நல்லா பாருங்க."

அவர் சரசுவைப் பார்த்தார். சரசு அடுப்பைப் பார்த்தாள். அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஸ்குருடிரைவர் கொண்டா" என்றார்.

ஒவ்வொரு திருகாய்க் கழற்றினார். இது எதற்கு, இது எங்கே போகிறது, இதில் எப்படி அழுக்கு அடையும் என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். "சரிண்ணே, சரிண்ணே" என்றேன். சரசு தேத்தண்ணி கலக்கினாள். ரெண்டு கிளாஸ் குடித்தார். பசியாறினார். போகும்போது என்னைத் திட்டினார், ஒரு மெஷினைக் கூட ஒழுங்காய் வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று.

சரசு அதைப் புதிதாகத்தான் வாங்கினாள். அது ஒரு நாளும் கெட்டதில்லை. அண்ணன் கழற்றிப் பூட்டியது இதுவரை ஒன்பது தடவை.