ஜெராக்ஸ் நைனா விடாத கட்டம்

பூந்தமல்லியில் எந்தப் பிள்ளையும் ஜெராக்ஸ் நைனாவிடம் ஏச்சு வாங்காமல் தன் கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தெரிந்துகொண்டதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மெட்ரோ தூசி படிந்த கடை. எல்லோரையும் 'நைனா' என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

பள்ளியில் 'ஃபேமிலி ட்ரீ' வரையச் சொன்னால் போதும், அவருக்குத் திருவிழா. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பிரிண்ட் கிடையாது.

"தாத்தா பேரு 'தாத்தா'ன்னு போட்டுக்கீறியே நைனா, பொறக்கசொல்லவே அப்டியா பேரு வெச்சாங்கோ?"

ஒருமுறை 'மச்சான், மச்சான்' என்று தோளில் தொங்கிக்கொண்டு வந்த இரண்டு பையன்களின் தாள்களில் ஒரே கொள்ளுத் தாத்தா. நைனா துள்ளி எழுந்தார்.

"டேய், நீங்க பங்காளிங்கடா! இனிமே மச்சான்னு கூப்ட்டீங்க, ஒதைதான்!"

சென்னீர்குப்பத்திலிருந்து நானும் என் மகள் மகிழும் போய் அவரிடம் மாட்டினோம். மறுநாள் காலை தாளைக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கட்டம் காலி: என் அப்பாவைப் பெற்றவள். நான் பிறக்கும் முன்பே போய்விட்டவள். வீட்டுப் பேச்சில் அவள் வெறும் 'ஆயா'.

"சொந்த ஆயா பேரு தெரியாது. மீசை மட்டும் கீது," என்றார் நைனா.

திருத்தணிப் பக்கம் இருக்கும் என் அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?" என்றாள் மகிழ்.

"வேண்டாம்."

"ஸ்கூலுக்கு வேணும் பாட்டி, ப்ளீஸ்!"

"வேண்டாம்டி கண்ணு."

மகிழின் உதடு பிதுங்கியது. நைனா போனைப் பிடுங்கினார். "யம்மா, பேரு சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

"யோவ், யாருய்யா நீ? எங்கம்மா பேரே வேண்டாம்தான்யா! அஞ்சாவதும் பொட்டப்புள்ளைன்னு வெச்சிட்டாங்க!"

நைனா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

மகிழ் மெதுவாகக் கேட்டாள்: "கிளாஸ்ல சிரிப்பாங்க அங்கிள். 'ஆயா'ன்னே போட்டுடலாமா?"

"சிரிக்கட்டும் கண்ணு. இவுங்க இல்லாங்காட்டி உங்கப்பன் ஏது, நீ ஏது?"

மகிழ் என்னைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, பூத்தொடுப்பதுபோல் தட்டினார் நைனா. மற்றப் பெயர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக. மெஷின் முனகியது. சூடாக வெளியே வந்த தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"வாம்மா வேண்டாம்," என்றார். "வந்து குந்து."

அந்தப் பெயரோடு 'வா' என்ற சொல்லைச் சேர்த்து, அத்தனை ஆசையாய் அவளை அழைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.