அடுப்புப் பூட்டுப் படலம்

வாழி, குஜந்த் நகரின் ஐந்து வீட்டு முற்றத்து வீராங்கனை சவ்ரிநிசோ! மாவு பிசைந்து மலையெனத் திரண்ட தோளினள், அடுப்பெரிக்கும் பருத்திமார்க் கட்டைப் பகைவர் கொடியெனப் பறித்து வருபவள், தந்தூர் அடுப்பின் தீவாய்க்குள் கைவிட்டும் கண்ணிமைக்காதவள்! அத்தகையாளையும் அன்று காலை ஒரு கேள்வி கட்டிப்போட்டது: தலைவர் மேலுள்ள புகாரையும் தலைவரே விசாரிப்பாரென்றால் அது எப்படித் தீரும்?

முற்றத் தலைவர் ஹகிம்பாய், முற்றத்தில் நிற்கும் வெண்பனி அனைய தம் புதுக் காரில் கரி படிகிறதென்று, பொது அடுப்பின் இரும்பு மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சவ்ரிநிசோவின் மகளைப் பெண் கேட்டு நண்பகலில் விருந்தினர் வருகிறார்கள். பொங்கிய மாவோ, மதிலேறும் சேனைபோல அண்டாவின் விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் சற்றுப் போனால் புளித்துவிடும்.

"அண்ணே, உங்களை யாரு தலைவராக்கினது?"

அடுப்பைக் கட்டிய நாளில் ஐந்து வீட்டாரும் அதன் ஈரக் களிமண்ணில் விரலால் எழுதியதை அவர் பெருமிதத்தோடு சுட்டினார்: 'அடுப்பு எல்லாருக்கும் பொது. யாரையும் தடுக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளத் தலைவர் ஒருவர்.'

"அப்போ அந்த நடு வரி?"

"அதுக்கு அர்த்தம் சொல்றதும் நான்தான், தங்கச்சி! உன் புகாரை விசாரிச்சாச்சு. தள்ளுபடி!"

வாளும் தாமே, கேடயமும் தாமே, வெற்றி முரசும் தாமேயென நின்றவரை எங்கே தாக்குவது? சவ்ரிநிசோ திகைத்தாள், பின் எவரும் எண்ணாத திசையில் பாய்ந்தாள்.

"ஓயிம்கான் அக்கா படிச்சுச் சொல்லட்டும்!"

சன்னல்கள் ஐந்தும் படாரெனத் திறந்தன. நவ்ரூஸ் புத்தாண்டுக்குக் கஞ்சி கிண்டியபோது மூண்ட போர் முதல் சவ்ரிநிசோவின் முகத்தையே பாராத பக்கத்து வீட்டு ஓயிம்கானா!

"அவங்களா? தாராளமா!" என்று ஹகிம்பாய் தாமே ஓடி அழைத்துவந்தார்.

ஓயிம்கான் மேகம் இறங்குவதுபோல் தன் வீட்டுப் படியில் மெல்ல இறங்கி, தலைத்துணியின் முனையால் கரியைத் துடைத்து, மூன்று வரிகளையும் படித்தாள்.

"உன் ரொட்டியில எப்பவும் உப்பு ஜாஸ்தி, சவ்ரி. ஆனா உப்பைப் பத்தி இங்க ஒண்ணும் எழுதலை. தலைவரே, இந்தப் பூட்டு செல்லாது."

"அப்போ என் காரு?"

"அதை எங்க நிறுத்தணும்னு சொல்ல நான் என்ன தலைவரா? அது உங்க பாடு."

ஓயிம்கானிடம் சாவியும் இல்லை, சேனையும் இல்லை; ஆனால் நடு வரியை உதைத்தால் தம்மைத் தலைவராக்கிய கடைசி வரியும் சேர்ந்து உதிரும் என்பதை, ஐந்து சன்னல்களும் பார்த்திருக்க, ஹகிம்பாய் உணர்ந்தார்; பூட்டு வீழ்ந்தது, பருத்திமார் தீயில் முழங்கிற்று, செஞ்சுடர் வானளாவ எழுந்தது, ரொட்டிகள் ஞாயிறெனச் சிவந்தன!

இப்போதெல்லாம் தலைவர் மேல் புகார் வந்தால் வேறொருவர் விசாரிக்கிறார். கார் தெருவில் நிற்கிறது.