பூஜ்யத்துக்கு வராத ஏழாம் எண்

"சார், ஏழு இன்னும் பூஜ்யத்துக்கு வரலை!" கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினார் உதவிப் பொறியாளர்.

ஏணி மேல் நின்ற அளவீட்டுப் பொறியாளர் பல்லைக் கடித்தார். சூரியனுக்குள் எரிவது போன்ற பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் கட்டிப்போடும் இயந்திரம் அது. அந்தப் புலத்தை அளக்கும் உணரிகள் அவருடையவை. இயந்திரம் ஓடாதபோது எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்று மணிக்குச் சோதனை. அதற்குள் சரியாகாவிட்டால் அவருடைய மூன்று வருட உழைப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த குழுவின் உணரிகளை மாட்டப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஏழாம் எண் உணரியில் தளர்ந்த திருகாணி ஒன்றை முடுக்கத்தான் காலையில் ஏறினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கம்பியை மாற்றினார், இணைப்பைத் துடைத்தார், பலனில்லை. போதாக்குறைக்கு இடுப்பு வலி. "இதைக் கழட்டினீங்க, தெரியும் சேதி!" என்று காலையில் மனைவி கட்டிவிட்ட புதுப் பட்டையை இறுக்கிக்கொண்டு இன்னும் நெருங்கினார்.

"சார், ரெண்டு மடங்கு ஏறிடுச்சு!"

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா!"

ஒப்பிட்டுப் பார்க்க எட்டாம் எண்ணுக்கு நகர்ந்தார்.

"ஏழு சரியாயிடுச்சு சார்!"

"அப்பாடா!"

"எட்டு போயிடுச்சு!"

ஏணியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. அதன் மேல்தான் நிற்கிறோம் என்பதால் விட்டுவிட்டார்.

மறுபடி ஏழுக்கே வந்தார். "காட்டுற தப்பை அப்படியே கழிச்சுடும்மா."

"கழிச்சுட்டேன். பூஜ்யம் சார்!"

நிம்மதியாக இறங்கி வாசல்வரை வந்தார்.

"சார், இப்ப மைனஸ்ல போகுது!"

ஓடிப்போய் ஏறினார். பூஜ்யம். இறங்கினார். மைனஸ்.

இந்தக் கூத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் இயக்குநர். "என்னய்யா இது, நீங்க பக்கத்துல இருந்தாத்தான் ஒழுங்கா இருக்குமா? அது என்ன, நீங்க பெத்த பிள்ளையா?"

"வேணும்னா நான் உள்ளயே உட்கார்ந்துக்கறேன் சார்."

"சோதனை நேரத்துல உள்ள ஈ காக்கா இருக்கக் கூடாது, தெரியுமில்ல? எல்லாத்தையும் கழட்டுங்க!"

பொறியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு, "ஒரே ஒரு சான்ஸ் சார்!" என்று கெஞ்சினார்.

கூடத்தைப் பூட்ட வந்த காவலாளி, அவர் முதுகுக்கும் கதவுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நுழைந்தார். இரண்டடி போனதும் நின்று, தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பணிவாகக் கேட்டார்.

"சார், உங்க இடுப்புல ஒட்டிக்கிட்டிருக்கற என் சாவிக்கொத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கட்டுமா?"