கொதிக்காத என்ஜின்

"அந்த பாட்டில்ல வெந்நீர் ஊத்துனது யாரு?"

"நான்தான் சார். டிரைவர் குடிக்கிற தண்ணின்னு நெனச்சேன். பாசி புடிச்சுக் கெடந்துச்சு. கழுவிட்டு, தண்ணியக் கொதிக்கக் கொதிக்க காய்ச்சி ஊத்தி வச்சேன். உள்ள ஒயர் ஒண்ணு கெடந்துச்சு, அதையும் கழுவி உள்ளயே போட்டுட்டேன்."

"உங்கள யாரும்மா நல்லது பண்ணச் சொன்னது?"

ஆபீஸ் பெருக்கும் அக்காவிடம் முதலாளி இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, யார்டின் நடுவே நின்ற, மண் தோண்டும் மஞ்சள் எக்ஸ்கவேட்டரும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தது. சாவியை மட்டும்தான் திருப்பியிருந்தார்கள். என்ஜினை இன்னும் கிளப்பவே இல்லை. அதற்குள் திரையில் சிவப்பு விளக்கு எரிந்து, 'என்ஜின் அதிகச் சூடு. உடனே நிறுத்தவும்' என்று எழுத்து மின்னியது. ஓடாத என்ஜினை எப்படி நிறுத்துவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றுமே நடக்கவில்லை, டாக்டர் அந்தப் பாட்டிலைக் கண்டுபிடிக்கும் வரை.

'டாக்டர்' என்பது யார்டு கொடுத்த பட்டம். பழைய எக்ஸ்கவேட்டர்களை வாங்கி, பெயின்ட் அடித்து, புதுசு போல விற்கும் அந்த இடத்தில் எரர் கோடுகளுக்கு, அதாவது திரையில் வரும் கோளாறு எண்களுக்கு, வைத்தியம் பார்ப்பதுதான் அவர் வேலை. என்ஜினில் இருக்கும் சென்சார்கள் ஒவ்வொன்றும் ஒரு கோள்மூட்டி. சூடு ஏறினால் சொல்லிவிடும், ஆயில் குறைந்தால் சொல்லிவிடும். அதுவும் தனியாகக் கூப்பிட்டு நாசூக்காகச் சொல்லாது. வாங்க வந்தவர் முன்னாலேயே திரையில் ஒரு எரர் கோடைப் போட்டு விளக்கைக் கொளுத்திவிடும்.

இந்த மஞ்சள் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும், கொதித்துவிடும். வேறு யார்டாக இருந்தால் அவசரப்பட்டு என்ஜினைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். இங்கே நிதானம் உண்டு. ஆகவே கூட்டம் போட்டார்கள்.

"விளக்கு எரியாதப்ப யாராச்சும் கோளாறுன்னு சொன்னாங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்ல சார்."

"எரிஞ்சதும் சொல்றாங்க. அப்ப கோளாறு எதுல?"

"விளக்குல சார்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டாக்டர் முதலில் ஸ்கேனரை மாட்டி எரர் கோடை அழித்தார். அது திரும்பி வந்தது. மறுபடி அழித்தார். வெட்கமில்லாமல் மறுபடி வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. சூட்டை அளக்கும் சென்சாரை என்ஜினிலிருந்து கழற்றினார். அது இருந்த ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்தார். ஒயரை நீட்டி, சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தண்ணீர் பாட்டிலுக்குள் சென்சாரை முக்கி வைத்தார். என்ஜின் என்ன கொதித்தாலும் பாட்டில் கொதிக்காது அல்லவா? அன்றோடு வண்டி 'பூரண குணம்' அடைந்தது. சில மாலைகளில் டாக்டர் கனவு காண்பதுண்டு: உலகத்துச் சென்சார்கள் எல்லாம் ஒரே பெரிய ஏரியில் மூழ்கிக் கிடக்கின்றன, எந்தத் திரையிலும் சிவப்பு இல்லை, எங்கும் சாந்தி.

"கனவு அப்புறம் காணலாம் டாக்டர். வண்டி வாங்குற பார்ட்டி வந்துட்டு இருக்கு" என்று முதலாளி உலுக்கினார்.

"தண்ணிய மாத்திட்டா போதும் சார்."

"வெறும் தண்ணி பத்தாது. வெயில் ஏறுது. ஐஸ் போடுங்க."

பாட்டிலின் கழுத்துவரை ஐஸ் போட்டார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பார்ட்டி பைக்கில் வந்து இறங்கியது. ஆளைப் பார்த்ததும் டாக்டர் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். வந்தது அவர் மனைவியின் தம்பி.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? திடீர்னு வந்து நிக்கலாம்னுதான் சொல்லல. காலைலதான் கம்பெனில வேலைய விட்டுட்டு வந்தேன். எவ்வளவு காலம்தான் அடுத்தவன் வண்டியவே ஓட்டுறது?"

"உங்க அக்காவுக்குத் தெரியுமா மாப்ள?"

"அனுப்புனதே அவதான். மாமா கை வச்ச வண்டின்னா கண்ண மூடிட்டு வாங்குடான்னு சொன்னா."

டாக்டர் மெல்ல ஆரம்பித்தார். "மாப்ள, வேற யார்டுலயும் ரெண்டு மூணு வண்டி பாத்துட்டு..."

முதலாளி இருமினார். அது சம்பளம் கொடுப்பவரின் இருமல்.

"...வந்தாத்தான் இதோட அருமை உனக்குப் புரியும்" என்று டாக்டர் முடித்தார்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். நல்ல கைக்காரன். யார்டு மூலையில் இருந்த மண்மேட்டைக் கொத்தினான், அள்ளினான், கொட்டினான், மறுபடி அள்ளினான். சீக்கிரம் இறங்கித் தொலையேன் என்று டாக்டர் மனதுக்குள் கெஞ்சினார். சொந்த வண்டி என்ற நினைப்பு வந்துவிட்டவன் சீக்கிரம் இறங்குவானா? அந்த மேடு முழுவதையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிக் குவித்தான்.

என்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது.

"சார், அது என்ன புகை?"

"புகை இல்ல தம்பி, பெருமூச்சு. ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டில்ல?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். சிவப்பு இல்லை. ஆனால் நீல எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: 'என்ஜின் மிகவும் குளிர்ந்துள்ளது. சூடேறும்வரை காத்திருக்கவும்.'

முதலாளி படியில் தொற்றி ஏறி அதைப் பெருமையோடு சுட்டிக்காட்டினார். "பாத்தீங்களா? இந்த வெயில்ல இவ்வளவு ஜில்லுனு ஒரு என்ஜின் எங்க தம்பி கெடைக்கும்? எல்லாம் டாக்டரோட கைராசி."

பெருமூச்சு இப்போது விசிலடித்தது. முதலாளி கைராசியைப் பாதியில் விட்டுக் கீழே குதித்தார். பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை என்ஜினை நிறுத்தினான். திரும்பிப் பார்த்தான். சீட்டுக்குப் பின்னால் பாட்டில் வியர்த்துக்கொண்டு தொங்கியது. அதன் வாய்க்குள் போகும் ஒயரை அவன் கண் மெல்லத் தொடர்ந்து சென்று திரையில் வந்து நின்றது. இறங்கி வந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னடா, வண்டி எப்படி? அவரு என்ன சொல்றாரு?" என்று டாக்டரின் வீட்டுக் குரல் யார்டு முழுக்கக் கேட்டது.

"இரு அக்கா, மாமாவே சொல்லுவாரு."

அவன் போனை டாக்டரின் வாய்க்கு நேராக நீட்டினான். இன்னொரு கையால் என்ஜின் மூடியைக் காட்டினான். அதன் புதுப் பெயின்ட் குமிழ் குமிழாக உப்பிக்கொண்டிருந்தது.

"வண்டிக்குக் குளிருதாம் மாமா. அந்த மூடி மேல உங்க கைய நல்லா அழுத்தி வச்சுக்கிட்டு, ஆமா, குளிருதுன்னு அக்காகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே வாங்கிக்கிறேன்."