மேடு பள்ளம் இல்லாத ஹோட்டல்

"அந்த ஹோட்டல் வேண்டாம் செயலாளரே, வாசல்ல சரிவு இருக்கு," என்றார் பல் டாக்டர்.

பழைய கார் சங்கத்தின் செயலாளர் போனைக் காதிலிருந்து எடுத்து அதை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி காதில் வைத்தார். மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறந்து விளக்குகூடப் போடவில்லை. அதற்குள் இன்றைய முதல் "வேண்டாம்" வந்துவிட்டது.

"சரிவெல்லாம் இல்ல டாக்டர். ஒரு சாண் உயரம், அவ்வளவுதான்."

"என் வண்டியில ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரத்துக்குத்தான். நான் உள்ளே சூப் குடிச்சிட்டிருப்பேன், அது பாட்டுக்கு உருண்டு ரோட்டுக்குப் போயிடும்."

ஆண்டு விருந்துக்கு இன்னும் எட்டே நாள். செயலாளரைத் தவிர பன்னிரண்டு உறுப்பினர்கள். பன்னிரண்டு பேரும் சரி என்றால்தான் இடம் முடிவாகும் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவரும் செயலாளர்தான். எழுதிய கையை உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

விருந்து நின்றுபோனால் மற்றவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போகும். அவருக்கோ ஒரு வருஷக் காத்திருப்பே வீணாகிவிடும். கோழி அடைந்துகிடந்த ஒரு காரை வாங்கி, ஏழு வருஷம் பாடுபட்டு ஓட வைத்தவர் அவர். அந்தக் கதையைப் போன வருஷ விருந்தில் சொல்ல ஆரம்பித்தார். என்ஜினைக் கீழே இறக்கும் கட்டத்துக்கு வரும்போது ஹோட்டல்காரர்கள் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டார்கள். மீதிக் கதை முப்பத்தெட்டு பக்கம், தடித்த எழுத்தில், அவர் பையிலேயே இருந்தது.

மறுநாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் போய் ஒரு தோட்ட ஹோட்டலைப் பிடித்தார். சமதளம். அமைதியான இடம். மூலையில் சின்ன மேடைகூட இருந்தது.

"மரம் இருக்கேங்க," என்றார் அச்சகக்காரர்.

"தோட்டம்னா மரம் இல்லாம?"

"மரம்னா காக்கா. காக்கா எச்சம் பட்டா என் பெயிண்ட் போச்சு. நாலு கோட்டும் நானே கையால அடிச்சது, தெரியும்ல?"

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹோட்டல்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, கார் நிறுத்துமிடம் முழுவதற்கும் தார்ப்பாய் போட ஒப்புக்கொள்ள வைத்தார். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிஷம் வக்கீல் அழைத்தார்.

"தார்ப்பாயா? அப்புறம் உள்ளே இருந்து கார் எப்படித் தெரியும்? காரைப் பார்த்துக்கிட்டே சாப்பிடத்தானே நாம சங்கமே வச்சிருக்கோம்?"

அதிலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

மூன்றாவது இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கண்ணாடிச் சுவர் வைத்த தனி ஹால். உட்கார்ந்த இடத்திலிருந்தே கார்கள் தெரியும். மரம் கிடையாது. சரிவு கிடையாது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு சொட்டு உள்ளே வராது. இதற்குமேல் ஒரு மனிதன் குறை சொல்ல முடியுமா என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"போற வழியில ஏழு வேகத்தடை," என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. "என் வண்டியோட வயிறு தரையோட தரையா இருக்கும்."

செயலாளர் ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றி, வேகத்தடையே இல்லாத ஒரு மாற்றுப் பாதையைக் கண்டுபிடித்துக் கைப்பட வரைபடமும் போட்டு அனுப்பினார்.

"அதுல ரெண்டாவது தெரு ஒருவழிப்பாதை. எதிர்த்திசையில வரச் சொல்றீங்களா? அதுவும் என்னை?"

அன்று மாலை செயலாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைச் சோபாவில் எறிந்தார்.

"இவங்களுக்கு விருந்து ஒரு கேடா? ஒருத்தனுக்கு பிரேக் இல்ல, ஒருத்தனுக்குக் காக்கா ஆகாது! எனக்கு வெறுத்தே போச்சு!"

மனசு ஆறட்டும் என்று முப்பத்தெட்டுப் பக்கங்களை எடுத்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். சமையலறையில் மிக்சி ஓடியது. அவர் அந்தத் தாள்களைக் கையில் எடுத்தாலே அவர் மனைவிக்கு அரைக்க வேண்டியது ஏதாவது ஞாபகம் வந்துவிடும். அவர் நிறுத்தினார். மிக்சியும் நின்றது.

"ஏங்க, பஸ் நிலையத்துக்கு எதிர்ல ஒரு ஹோட்டல் இருக்கே, அதைக் கேட்டுப் பாருங்களேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்கேயா? சரிவு இருக்கு, மரம் இருக்கு, வாசல்லயே வேகத்தடை இருக்கு. பன்னிரண்டு பேரும் ஓட்டமா ஓடுவாங்க."

"கேட்கிறதுல என்ன வந்துடப்போகுது?"

எல்லோரும் வேண்டாம் என்று சொல்லட்டும், அதைக் காரணம் காட்டிப் பதவியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற ஆத்திரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு "சரி" வந்து விழுந்தது. சந்தேகப்பட்டு டாக்டரை அழைத்தார்.

"சரிவு இருக்கே டாக்டர்?"

"இருந்தா என்ன? சக்கரத்துக்கு ஒரு கல்லு வச்சா ஆச்சு," என்றார் டாக்டர் உற்சாகமாக.

விருந்தன்று சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக அனைவரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அச்சகக்காரரின் கார் மரத்துக்கு நேர் கீழே நின்றது. நீதிபதி மலர்ந்த முகத்தோடு வேகத்தடையில் உரசிக்கொண்டே வந்து சேர்ந்தார். உள்ளே நான்கு டிவிகள் நான்கு விதமாக அலறின. பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்தன. சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. பக்கத்தில் இருப்பவருக்கு உப்பு வேண்டுமா என்று கேட்கக்கூடக் கையை ஆட்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, தாள்களை மேஜைமேல் வைத்து அடுக்கினார். எழுந்து தொண்டையைச் செருமினார். அவருக்கே அது கேட்கவில்லை.

பரிமாறுகிறவரைக் கைகாட்டி அழைத்து, அவர் காதருகே குனிந்து கத்தினார். "மைக் இருக்கா?"

"இல்லைங்க!"

"சரி, அந்த டிவிங்களையாவது கொஞ்சம் குறைங்க! நான் பேசணும்!"

பரிமாறுகிறவர் தயங்கினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவரும் பரிதாபமாகக் கத்தினார்.

"மன்னிச்சுக்குங்க சார், எந்தக் காரணத்தைக் கொண்டும் சத்தத்தைக் குறைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க! பதிமூணு கையெழுத்து இருக்கு! முதல் கையெழுத்து, இதோ, உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களே, அந்த அம்மாவோடது!"