வளத்திக்காரி பார்த்த படம்

செஞ்சி,
22-2-64, சனிக்கிழமை காலை

மேல்சித்தாமூரிலிருக்கும் சிரஞ்சீவி தம்பி வாசுபூஜ்யனுக்கு, உன் அக்காள் ஜெயமாலா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். பொய் எழுதினால் பாவம் என்று விட்டுவிட்டேன். அவ்விடம் நீயும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டும். உன் பெண்டாட்டியும் இருக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், என் பேத்தி பத்மினிக்கு நீ பார்த்துச் சொன்ன வளத்தி ஊர்ச் சம்பந்தம் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதை நிறுத்திவிடு. பையன் ஸ்ரீபாலிடம் ஒரு குறையும் இல்லை. அவனைப் பெற்ற மருதேவியோடு நேற்று சினிமா பார்த்தேன். அது போதும்.

பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கிக் காலையில் போகிறோம் என்றார்கள். அதோடு விடக்கூடாதா? என் மகன் அஜிததாஸ், பெரிய உபசாரக்காரன், "வாங்க, எல்லாரும் டூரிங் கொட்டாய்க்குப் போவலாம், மாமியா மருமவ படம் ஓடுது" என்றான். பெண் கொடுக்கிறவன் சம்பந்தியை அழைத்துப் போகிற படமா அது? போனோம். ஆண்கள் பக்கம் அவர்கள், நடுவில் ஒரு குட்டைத் தட்டி, பெண்கள் பக்கம் மணலில் நாங்கள். அங்கே ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவான். விளக்கைப் போட்டால் மருதேவி அபிப்பிராயம் சொல்வாள். முதல் விளக்குக்கு, மருமகள் கையிலிருந்து அந்த ராட்சசி மாமியார் சாவிக்கொத்தைப் பிடுங்கியிருந்தாள், கொட்டகையே உச்சுக்கொட்டியது, இவள் சொல்கிறாள்: "மாமியா செஞ்சதுல இன்னா தப்பு? அரிசிய அளக்காம ஒலையில போடுது பாரு, அந்தக் குடும்பம் வெளங்குமா?" நம் பத்மினி பிறந்ததிலிருந்து எதையாவது அளந்து போட்டிருக்கிறாளா, நீயே சொல். இரண்டாவது விளக்குக்கு அந்தப் பெண்ணை மழையில் துரத்திவிட்டார்கள், மயங்கி விழுந்துவிட்டாள், நான் அழுகிறேன், இவள் சிரிக்கிறாள். "மயக்கமாவது ஒண்ணாவது! பொடவைய சரி பண்ணிக்கினு வுழுறா பெரிம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்கம்மாவுக்கும் இதே கண்ணுதாண்டி. என் கல்யாணப் பந்தியில தேடிப் புடிச்சி எனக்கு மட்டும் ஒடைஞ்ச அப்பளத்த வெச்சா. நாப்பத்திரண்டு வருசம் ஆவுது, எந்த மூலையில ஒடைஞ்சிருந்திச்சுன்னு இப்பவும் சொல்லுவேன்."

"அப்ப நான் பொறக்கவே இல்ல பெரிம்மா!"

"பொறந்திருந்தா நீதான் ஒடைச்சிருப்ப."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருக் குஞ்சம்மாள், "ஆயா, திரையில இருக்குற சண்டைய பாக்குறதா, ஒங்க சண்டைய பாக்குறதா? கழுத்து வலிக்குது" என்றாள்.

கடைசியில் அந்த மாமியார் மனம் திருந்தி, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பெண்கள் பக்கத்தில் முந்தானை நனையாதவள் ஒருத்திதான். "த்சொ! அதுவரிக்கும் படம் நல்லாத்தான் போச்சு. மாமியார அழவெச்சி கெடுத்துட்டான்." இது மருதேவி. வீடு திரும்பும்போது அஜிததாஸ் சண்டைக் காட்சி போதவில்லை என்றான். பத்மினியைக் கேட்டேன், "ரொம்ப நல்லா இருந்திச்சு ஆயா" என்றாள். கதை என்னடி என்றால் முழிக்கிறாள். எப்படித் தெரியும்? அவளும் அந்தப் பையனும் கழுத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் தட்டிக்கு மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதுகளைப் பிரிப்பது பாவம்தான். ஆனால் திரையிலிருக்கிற மருமகளுக்கே இரங்காதவள் வீட்டு மருமகளுக்கு இரங்குவாளா? நீயே வளத்திக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடு. பக்குவமாக வராவிட்டால் எப்படியாவது சொல்லிவிடு.

அருகக் கடவுள் உன் குடும்பத்தைக் குறையில்லாமல் வைக்கட்டும். சம்பந்தம் பார்க்கப் போகும்போது உனக்குக் கொஞ்சம் கண்பார்வையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் அக்காள்,
ஜெயமாலா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பருக்கை எடுக்க எழுந்தேன், மருதேவி வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கை வறுத்த மல்லாட்டைத் தோல்.

"இன்னாடி இது?"

"ஒங்க மடியில இருந்தது பெரிம்மா. படத்துல அந்தப் பொண்ண பட்டினி போட்டாங்களே, அப்ப குஞ்சம்மாவோட கடலப் பொட்டலத்துல கைய வுட்டு நீங்களே ஒரிச்சி ஒரிச்சி சாப்டீங்க. அழுதுக்கினே சாப்டதுல ஒங்களுக்கே தெரியல. வெளக்கு போடறதுக்குள்ள நான் வாரி முடிஞ்சிக்கினேன். எங்க வூட்டுக்காரருகிட்டகூட மூச்சு வுடல."

தம்பி, பொழுது சாய்ந்தபின் நம் சமணர் குடும்பங்களில் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. காய்ச்சலில் இருட்டிய பிறகு கஞ்சி குடித்தாள் என்பதற்காக உன் பெண்டாட்டியோடு நான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள். அடுத்தவள் மானத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொள்ளத் தெரிந்த மருதேவி, பத்மினியைக் கண்கலங்க விடமாட்டாள். அப்படியே கலங்க விட்டாலும், என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளை வெளியாளாக விட்டுவைக்க முடியுமா? வெள்ளிக்கிழமை வரை தாங்காது. புதன்கிழமையே தாம்பூலத்தை மாற்று. இந்தக் கடிதத்தை மட்டும் உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிடாதே.